அண்ணனுக்குப் போட்ட சட்டை

போட்டோவில் அந்தச் சட்டையை மட்டும் யாரும் உற்றுப் பார்த்துவிடக் கூடாது. முகத்தைப் பார்க்கட்டும். மீசை அரும்பாத வாயைப் பார்க்கட்டும், லட்சணமா இருக்கான் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். கழுத்துக்குக் கீழே யாருடைய கண்ணும் இறங்கக் கூடாது.

தாயில்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து யோகமலர் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் அனுப்பிரியா ஜன்னல் காற்றில் முடியை ஒதுக்கிவிட்டபடி போனில் எதையோ படித்துச் சிரித்தாள்.

"ஏம்மா, பரீச்சைக்குப் போறவ மாதிரி வார? சரவணக்குமார் அண்ணன் என்ன ஒன்னையக் கடிச்சா தின்னுரும்?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

"ஞாயித்துக்கெழமை அலையவிட்டுட்டேன்னு கோவம். அதானே?"

கோபம் என்றால் எவ்வளவோ தேவலை. கோபத்தை வாய்விட்டுத் தீர்த்துவிடலாம். இதை வாய்விட்டுச் சொல்லவே முடியாது.

போன வாரம் அனுப்பிரியா கல்லூரி விழாவுக்குப் பழைய சேலை ஒன்றைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே அந்தப் போட்டோ இருந்தது. அதில் அண்ணன் தவராசாவுக்குப் பதினேழு வயது. படகேறும்போது அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்த படம். வளர்ந்த அண்ணனுக்கு உலகத்தில் வேறு படம் கிடையாது. ஒருமுறை யோகமலர் கத்திரிக்கோலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், கழுத்தோடு நறுக்கிவிடலாம் என்று. கத்திரி காகிதத்தைத் தொட்டதும் கை மேற்கொண்டு போகவில்லை. மறுபடி காகிதத்துக்குக் கீழேயே செருகிவிட்டாள். அனுப்பிரியா அதைப் போனில் படம் எடுத்து, தாய்மாமன் இலங்கைச் சண்டையில் செத்துப்போனவர் என்று எழுதி, சிவகாசி வாசகர் வட்டத்துக்கு அனுப்பிவைத்துவிட்டாள். அம்மாவிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம். 'இலங்கையிலிருந்து நம் படை திரும்பி வந்தது சரியா, தவறா?' அதற்கு அடிக்கிற போஸ்டரில் தவராசாவின் படம் வரப்போகிறது. மேடையில் யோகமலர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். இதைக் கேட்கத்தான் வட்டத்தை நடத்துகிற சரவணக்குமார் தன் அப்பாவின் அச்சாபீசுக்கு வரச் சொல்லியிருந்தான்.

வேலை செய்கிற பட்டாசு ஆபீசில் யோகமலரை எல்லோருக்கும் சிலோன்காரி என்று தெரியும். பதினைந்து வயதில் அகதியாக வந்தவள், முகாமிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன இடத்தில் பால்பாண்டியைக் கண்டு கட்டிக்கொண்டவள். அண்ணன் என்ன ஆனான் என்று கேட்டவர்களுக்கு 'சண்டையில செத்துட்டான்' என்று சொல்லியிருந்தாள். பால்பாண்டிக்கும் அவ்வளவுதான் தெரியும். எந்தப் பக்கம் நின்று செத்தான் என்று யாரும் கேட்டதில்லை. மிச்சத்தை ஊரே இட்டு நிரப்பிக்கொண்டது. போர்மேன் கருப்பணன் ஆய்வுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம மலரு அண்ணன் பெரிய போராளி சார்" என்று சொல்லுவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரி சொருகுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் அதற்குள்தான் குடியிருந்தாள்.

தவராசா போராளி இல்லை. சமாதானத்துக்கென்று வந்து போராளிகளின் இயக்கத்தோடு சண்டையில் இறங்கிய இந்தியப் படை, அங்கேயே பையன்களைச் சேர்த்து ஒரு படையை உண்டாக்க உதவியது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த தவராசாவை ரோட்டில் நிறுத்தி வண்டியில் ஏற்றினார்கள். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. சில மாதம் கழித்து அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பினான். அதற்கடுத்த பங்குனியில் இந்தியப் படை கப்பலேறியது. அவனைப் போன்ற பையன்கள் கரையில் நின்றார்கள்.

அவனை முடித்தது சிங்களவர்கள் இல்லை. இயக்கம்தான். முகாமில் இப்போதும் சொந்த ஊரான திருகோணமலைக் கரை ஆட்கள் இருக்கிறார்கள். போஸ்டரைப் பார்த்து ஒரே ஒருவர், 'இவன் அந்தப் படையில நிண்ட தவராசா எல்லோ' என்றால் போதும். காட்டிக்கொடுத்தவன் தங்கச்சி என்ற பேர் பட்டாசு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடும். பிள்ளையின் கல்யாணப் பேச்சுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இயக்கம் அழிந்து வருஷக்கணக்காகிறது, இனி யார் வந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. பயம் அந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படவில்லை. இன்றைக்கும் வாசலில் முன்பின் தெரியாத பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து வந்து நின்றால் அவளுக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

அச்சாபீசில் காலண்டர் சீசன். முருகனும் லட்சுமியும் வெட்டாத தாள்களில் அடுக்கடுக்காக இருந்தார்கள். மிஷின் ஓடுகிற அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியது. கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் சரவணக்குமார் உட்கார்ந்திருந்தான். முதலாளி நவநீதகிருஷ்ணனின் மகன், முப்பது வயதிருக்கும். எதிரே பேப்பர் கட்டின் மேல், நரைத்த மீசையும் நிமிர்ந்த முதுகுமாக ஒருவர்.

"வாங்கக்கா, வாங்க. வா அனு. இவுக செல்லப்பாண்டி அண்ணாச்சி. பட்டாளத்துல அவில்தாரா இருந்து ரிட்டேர்டு. நெசமாவே ஒங்க ஊருச் சண்டைக்குப் போனவுக. பட்டிமன்றத்துல எனக்கு எதிரி."

"எதிரின்னு சொல்லாதலே. மேட ஏறுத வரைக்கும் ஒங்க கடை காப்பிதான் குடிக்கேன்," என்றார் செல்லப்பாண்டி. அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "உக்காருங்கம்மா."

பட்டாளம் என்ற சொல் காதில் விழுந்ததும் யோகமலரின் கை தானாகவே முந்தானையை இழுத்து மூடியது. பழைய பழக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு எவ்வளவு தூரம் என்று கண் அளந்துகொண்டது.

இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"அண்ணாச்சி, விருந்தாளியாப் போயிட்டு வீட்டுக்காரனையே அடிச்சா, எப்பக் கெளம்புதீகன்னுதான் கேப்பான். கேட்டான், வந்தீக. அதுல என்ன தப்பு?"

"போனது தப்புன்னே வச்சுக்கோலே. வந்த விதம் அதவிடத் தப்பு. நம்பி நின்னவன அம்போன்னு விட்டுட்டு வந்தோம். நாளைக்கி என்னாகும்னு ஒரு பய யோசிக்கல. மூட்டையக் கட்டு, கப்பல்ல ஏறு. அம்புட்டுத்தான்."

"பெறகு என்ன, அங்கனயே ரேஷன் கார்டு வாங்கிட்டு இருந்திருப்பீகளோ?"

அனுப்பிரியா சத்தமாகச் சிரித்தாள். செல்லப்பாண்டியும் சிரித்தார். "சிரிங்க. கைதட்டு ஒனக்குத்தான் விழும். எனக்குத் தெரியும். இருந்திருந்தா எம்புட்டு உசுரு மிஞ்சியிருக்கும்னு எண்ணிக் காட்ட முடியாதுல்லா. செத்தவனத்தான் எண்ண முடியும்."

"நீங்க இருந்தப்பச் செத்தவனையும் சேத்து எண்ணுங்க."

யோகமலர் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பட்டிமன்றம் அவளுக்குள்ளே எத்தனையோ வருஷமாக நடந்துகொண்டிருந்தது, கைதட்டில்லாமல், நடுவரில்லாமல். படை இருந்த நாட்களில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அம்மா அவள் முகத்தில் அடுப்புக் கரியைத் தேய்த்துக் கிழிந்த பாய்க்குப் பின்னால் தள்ளுவாள். தேடுதலுக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டு மாமாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவருக்கு ஒரு காது கேட்கவில்லை. போய்த் தொலையட்டும் என்று தெருவே சாமி கும்பிட்டது. போனார்கள். பூட்ஸ் சத்தம் நின்றுபோன முதல் சாயங்காலம் அவள் முற்றத்தில் நின்று கேட்டாள். தெருவில் நாய் கூடக் குரைக்கவில்லை. அந்த அமைதிக்கு அவள் பூட்ஸ் சத்தத்தைவிட அதிகமாகப் பயந்தாள். எது சரி? எப்போது யோசித்தாலும், ஒரு பயத்தை இன்னொரு பயத்தின் பக்கத்தில் வைத்து எது பெரிசு என்று பார்ப்பதில்தான் போய் முடியும்.

"சரி, அக்காவ வச்சுக்கிட்டு நாம பேசக் கூடாது. இங்க பாருங்கக்கா, புரூஃப்." சரவணக்குமார் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய எழுத்துகள். நடுவில் தவராசா. நிறம் ஏற்றி, உதட்டுக்குச் சிவப்புக் கொடுத்து, பின்னால் உதிக்கிற சூரியன். அவள் கண் நேராகக் கழுத்துக்குக் கீழேதான் போனது.

அந்தச் சட்டை அங்கே இல்லை. பச்சையும் கறுப்பும் பழுப்புமாக வரி வரியாய் ஒரு சட்டை இருந்தது. இயக்கத்துச் சட்டை.

"பழைய போட்டோ மங்கிப்போச்சுக்கா. சட்டை என்னன்னே தெரியல. அதான் டிசைனர் பாண்டிமுருகன் வரிச்சட்டை மாட்டிவிட்டான். கச்சிதமாப் பொருந்தியிருக்கு பாத்தீகளா?"

அதில் அவனுக்குக் கள்ளம் எதுவும் இல்லை. சிவகாசிப் பக்கத்தில் சாவு போஸ்டர் அப்படித்தான் அடிப்பார்கள். ரேஷன் கார்டுப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, தயாராக இருக்கிற கோட்டு சூட்டின் மேல் வைத்துவிடுவார்கள். ஆயுசு முழுக்கத் துண்டோடு திரிந்த அவளுடைய மாமனாரும் செத்த அன்று கோட்டும் டையுமாக பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நின்றார். போகிறவனுக்கு நல்லதாக ஒன்று உடுத்திவிடுவது மரியாதை. யாரும் அதைப் பொய்யென்று நினைப்பதில்லை.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை அவள் சாகிற வரைக்கும் யாரிடமும் சொல்லமாட்டாள். தொல்லை விட்டது. அந்தச் சட்டை இனி இல்லை. இந்த வரியைப் பார்த்த பிறகு இவன் வேறு பக்கம் நின்றவன் என்று யார் சொன்னாலும் எடுபடாது. பேசாமல் இருந்தால் போதும். சும்மா தலையாட்டினால் போதும். பிள்ளைக்கும் அவளுக்கும் எந்தப் பயமும் கிடையாது.

அந்த நிம்மதியின் முதுகைத் தொட்டுக்கொண்டே மற்றது வந்தது. இதே வரி. கப்பல் போன பிறகு ஒரு மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு வந்தவர்கள் இந்தச் சட்டைதான் போட்டிருந்தார்கள். அதில் ஒருவன் தவராசாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்து படித்தவன். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார்கள். கொடுத்தவள் பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அம்மா நம்பினாள். "விசாரிச்சுப்போட்டு விடுறம் அம்மா," என்றான் வாங்கில் இருந்தவன், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு. தென்னங்கிடுகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தவராசா தானாகவே எழுந்து வந்தான். அன்றைக்கு அவன் மேல் சட்டை இல்லை.

"ஏலே, அந்தப் பழைய படத்தக் கொஞ்சம் பெருசாக்கு," என்றார் செல்லப்பாண்டி.

யோகமலர் திடுக்கிட்டுத் திரும்பினாள். திரையின் ஓரத்தில் அசல் படம் சின்னதாக இருந்தது. சரவணக்குமார் அதை இழுத்துப் பெரிதாக்கினான். செல்லப்பாண்டி எழுந்து வந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்தார். சட்டைப் பையின் மூடி. தோள் பட்டை. அவர் விரல் திரையைத் தொடாமல் அந்தப் பட்டைக்கு நேரே நின்றது. நின்றது அப்படியே இருந்தது.

அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள். வெளியே மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன அண்ணாச்சி?" என்றான் சரவணக்குமார்.

"ஒண்ணுமில்ல. சின்னப் பயலா இருக்கான்."

மிஷின் பக்கமிருந்து நவநீதகிருஷ்ணன் கூப்பிடும் சத்தம் கேட்டது. காலண்டர் முருகன் முகத்தில் நீலம் ஏறிவிட்டதாம். "வா அனு, நாலு கலர் எப்பிடி ஏறுதுன்னு காட்டுதேன். அக்கா, ஒரு நிமிசம்." சரவணக்குமாரும் அனுப்பிரியாவும் வெளியே போனார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

செல்லப்பாண்டி பேப்பர் கட்டின் மேல் மறுபடி உட்கார்ந்தார். இப்போது முதுகு நிமிர்ந்திருக்கவில்லை.

"இது நாங்க குடுத்த சட்டைம்மா."

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்த திருகோணமலை நாக்கு புரண்டுவிட்டது.

"பயப்படாதீக. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்லுவார்கள் என்று அவள் நினைத்தாள். ஒன்றும் செய்யமாட்டோம். விசாரித்துவிட்டு விடுகிறோம்.

"நான் கடைசிக் கப்பல்ல வந்தவன்மா. மேல்தட்டுல நின்னு பாத்தேன். இந்தச் சட்டையோட பயலுக கரையில நின்னானுக. கத்தல, கல்ல விட்டு எறியல. பாத்துக்கிட்டே நின்னானுக. அதுல ஒருத்தனுக்கு நாந்தான் துப்பாக்கியப் பிடிக்கச் சொல்லிக் குடுத்திருந்தேன். இந்தா, இவன மாதிரிதான் இருப்பான், வத்தலா. இவனா இருக்குமோ?"

அவள் மூடிய கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"மேடையில நான் சொன்னா, பட்டாளத்தான் பட்டாளத்துக்குப் பேசுதான்னு சிரிப்பாக. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா ஒருத்தன் வாயத் தெறக்கமாட்டான். படை கெளம்பித் திரும்பி வந்ததுதான் என் அண்ணனக் கொன்னுச்சுன்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே?"

அது பொய்யில்லை. அவளுக்கே தெரியும். ஆனால் அந்த மேடை அவள் கண்ணுக்குள் எழுந்து நின்றது. அவள் சொல்வாள். செல்லப்பாண்டி அணிக்கு ஒரு பாயிண்ட் கூடும். சரவணக்குமார் எழுந்து, அதே படைதான் அவனை ரோட்டில் பிடித்தது, மறந்துட்டீகளா என்பான். அதுவும் பொய்யில்லை. ஒரு பக்கத்துக்குத் தவராசாவின் சாவு வேண்டும், இன்னொரு பக்கத்துக்கு அவன் பிடிபட்டது வேண்டும். நடுவர் நடுவில் ஒரு சிரிப்புத் துணுக்குச் சொல்லித் தீர்ப்புக் கொடுப்பார். கூட்டம் கலைந்து சால்னாக் கடைக்குப் போகும். யாரோ ஒருவன் மட்டும் வாசலில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்பான். யார் என்று அவளுக்குத் தெரியாது. நிற்பான்.

கதவு திறந்தது. சரவணக்குமார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பின்னால் அனுப்பிரியா.

"என்னக்கா, மிஷின்ல ஏத்திரலாமா? இன்னைக்கே அடிச்சாத்தான் நாளைக்கி விருதுநகர், சாத்தூரு பூரா ஒட்ட முடியும்."

செல்லப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அந்த நிமிஷம் வரைக்கும். திரையில் தவராசா இரண்டு சட்டைகளிலும் அவளைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு சொல். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் பயமில்லை. கொன்றவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் ஊர் ஊராகச் சுவரில் நிற்பான்.

"படம் வேண்டாம் தம்பி."

"ஏங்க்கா? கலர் பிடிக்கலையா? வேற சட்டை மாத்தச் சொல்லுதேன்."

"வேற எதுவும் போட வேண்டாம். எங்க அண்ணன் படம் வேண்டாம். எடுத்துருங்க."

"எம்மா, ஆசையாப் போட்டிருக்காகம்மா." அனுப்பிரியாவின் முகம் சுருங்கியது.

"சுவத்துல ஒட்டுனா மழையில நனையும் பிள்ள. ஆடு வந்து இழுக்கும். வேண்டாம்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் எழுந்து நின்றிருந்தாள். சரவணக்குமார் செல்லப்பாண்டியைப் பார்த்தான். அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிக்கா. படம் போகட்டும். மேடைக்காவது வாங்க. என்னைய ஆதரிச்சுப் பேச வேண்டாம். சும்மா வந்து உக்காந்தாப் போதும்."

"இல்ல தம்பி."

அவன் வருத்தத்தோடு மௌஸை ஒரு தட்டுத் தட்டினான். வரிச்சட்டையும் முகமும் சேர்ந்து போயின. சூரியனுக்கு முன்னால் வெற்றிடம் விழுந்தது. அங்கே ஒரு வெள்ளைப் புறாவைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். அது சூரியனுக்குச் சின்னதாக இருந்தது. இழுத்துப் பெரிதாக்கினான்.

"அந்தப் பழைய படத்தையும்," என்றாள் யோகமலர். அவன் அதையும் அழிக்கிற வரைக்கும் நின்றாள். அனுப்பிரியாவையும் போனை எடுக்கச் சொன்னாள். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தாள். அவளிடம் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு முடியாது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அனுப்பிரியா கோபத்தில் முன்னால் நடந்து பஸ் ஸ்டாப்பில் தள்ளி நின்றுகொண்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சீரான காலடி. அது பட்டாளத்துக் காலடி என்று யோகமலருக்குத் திரும்பாமலே தெரிந்தது.

செல்லப்பாண்டி ஒரு கை தூரம் விட்டு நின்றார்.

"மேடையில வேண்டாம்மா. நான் அப்பிடிக் கேட்டது தப்பு." மூச்சு வாங்கினார். "ஆனா இம்புட்டு வருசத்துல, அந்தக் கரையில நின்ன பயலுக வீட்டு ஆள நான் பாத்ததில்ல. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. யாருக்கும் தெரிய வராது. நாங்க கெளம்பி வந்தது சரியா, தப்பா?"

அவர் கண் சிவந்திருந்தது. தப்பு என்றால் அதைச் சுமந்துகொண்டு போவார். சரி என்றால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார். எதைச் சொன்னாலும் தவராசாவைப் பற்றி முடிவான சொல் ஒன்று இந்த மனிதர் கையில் இருக்கும். ஏற்கெனவே அவர் கையில் அவளுடைய உயிர்நிலை இருக்கிறது. இவரைப் பகைத்துக்கொள்ளாதே என்று பயம் சொன்னது. கேட்டதைக் கொடுத்துவிடு, தேத்தண்ணி மாதிரி ஊற்றிக் கொடுத்துவிடு என்றது.

இரண்டு சொல்லும் அவள் வாயில் இருந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

"அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீக அண்ணாச்சி," என்றாள் மெதுவாக.